வாசலில் கழற்றிய நோய்

கருங்காட்டூர் நூற்பாலைத் தொழிலாளர்களின் காப்பீட்டு அலுவலகத்துக்குப் புதுக் கட்டடம் கட்டி, தரையில் முகம் பார்க்கிற மாதிரி டைல்ஸ் பதித்து, நோய் முற்றி வேலைக்குப் போக முடியாமல் ஆனவர்களில் யாருக்கு உதவித்தொகை உண்டு யாருக்கு இல்லை என்று தீர்த்துச் சொல்லும் மெடிக்கல் போர்டு டாக்டர்கள் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து உட்கார வடக்குப் பக்கம் ஓர் அறையும் ஒதுக்கிய பிறகு, அந்த அறை வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்களுக்குச் செருப்போடு சேர்ந்து நோயும் கழன்றுகொள்ளத் தொடங்கியது.

முதலில் கழன்றது தளவாய்க்கு. வாலிபம் முழுக்க மில்லில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து நெஞ்சு அடைத்துப்போன மனிதர், பஸ் ஸ்டாப்பிலிருந்து அலுவலகத்துக்கு ஒவ்வொரு விளக்குக் கம்பத்தையும் பிடித்து நின்று நின்று வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை உள்ளே வைத்ததும் மூச்சு பத்து வயதுப் பையனுடையதைப் போலச் சுளுவாகப் போய் வந்தது. டாக்டர் குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார், ஊதினார், முள் கடைசிக் கோட்டில் போய் முட்டியது. நன்றாகத்தானே இருக்கிறீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதே நேரம் வெளியே அவருடைய தோல் செருப்பு இரண்டும் வாயைப் பிளந்து இழுத்துக்கொண்டு கிடந்தன. வரிசையில் நின்றவர்களில் ஒருவர், அண்ணாச்சி செருப்புக்கு இழுப்பு வந்துட்டு என்று சொல்லி, அதை வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்த்தி வைத்தார். தளவாய் வெளியே வந்தார், செருப்பை மாட்டினார், நெஞ்சு பழையபடி அடைத்தது, படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எல்லோருக்கும் அப்படித்தான். சிறுநீரகம் போனவரின் வீக்கம் ரப்பர் செருப்பில் இறங்கி அது குழந்தைத் தலையணை மாதிரி உப்பிக் கிடக்கும். வலிப்பு உள்ள பெண்ணின் ஹை ஹீல்ஸ் படிக்கட்டில் கிடந்து வெட்டி வெட்டி இழுக்கும், யாராவது ஒரு சாவிக்கொத்தை அதன் மேல் வைப்பார்கள். டீக்கடைப் பிச்சைக்கண்ணு வேப்பமரத்தடியில் பலகை அடித்து டோக்கன் போட ஆரம்பித்தார், கைபடாமல் எடுத்து வைக்க ஒரு நீளமான இடுக்கியும் செய்து வாங்கினார். கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடிப்போய்விடலாம் என்று பார்த்தவர்களும் உண்டு. பொழுது சாய்வதற்குள் அந்தச் செருப்புகள் தாமாகவே தெருத்தெருவாகத் தேடி நடந்து வந்து வீட்டு வாசலில் நிற்கும், குடும்பத்தார் வந்துட்டியா என்று கேட்டு உள்ளே எடுத்து வைப்பார்கள். யாராவது காலில் மாட்டிக்கொண்டு போனால்தான் அவை உரியவரைத் தேடாது. கோயிலிலும் கல்யாண வீட்டிலும் செருப்புத் திருடுகிற ஆட்கள்கூட அந்த வாசலைக் கண்டால் சாலைக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிப் போனார்கள்.

இத்தனைக்கும் செருப்பைக் கழற்று என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அப்படி எழுதி மாட்டிய பலகையும் கிடையாது. டாக்டர்களும் குமாஸ்தாவும் ஷூவோடுதான் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். வாட்ச்மேனே மனசு கேட்காமல், போட்டுக்கிட்டே போங்களேன் என்று சொல்லிப் பார்த்தான். முடியவில்லை. பெரிய மனுஷர்கள் உட்கார்ந்திருக்கிற அறைக்குச் செருப்புக் காலோடு போய்ப் பழகாத ஊர் அது. இந்தத் தடவை கழற்றவே மாட்டேன் என்று வீட்டில் சபதம் போட்டுவிட்டு வந்த தளவாய் வாசலுக்கு வந்ததும், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க நிற்க, கால் இரண்டும் தானாகக் குதிகாலைத் தூக்கிச் செருப்பை உதறிவிட்டன. கையில் எடுத்துக்கொண்டு போகலாம் என்று யாருக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் கையில் செருப்போடு அதிகாரி முன்னால் போய் நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்பது ஊருக்குத் தெரியும், அதனால் வாயைத் திறந்து அதைச் சொன்னவர் ஒருவரும் இல்லை.

செருப்பு இழுப்பதைப் பார்த்தோ நடந்து வருவதைப் பார்த்தோ கருங்காட்டூர் அதிரவில்லை. அத்தனை மாதமும் உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு ஆள்கூட நாற்காலியை விட்டு எழுந்து வந்து வாசலை எட்டிப் பார்க்கவில்லை என்பதில்தான் ஊர் அதிர்ந்துபோய்க் கிடந்தது.

ஆவுடைத்தங்கத்துக்கு வந்திருந்தது முடக்குவாதம். ஸ்பின்னிங்கில் அறுந்த நூலைக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுகிற விரல்கள் அவளுடையவை, அவை ஒவ்வொன்றாக வளைந்து காய்ந்த இஞ்சி மாதிரி ஆகிவிட்டன. ஒரு நாள் சுமாராக இருக்கும், மறுநாள் பாயிலிருந்து எழ முடியாது. மில்லில் விடுப்பு கொடுத்து, காப்பீட்டில் உதவித்தொகையும் வந்துகொண்டிருந்தது, அவள் மருந்தும் சாப்பாடும் அதில்தான் ஓடின. இப்போது மறுபரிசோதனைக்கு வரச்சொல்லிவிட்டார்கள். உதவித்தொகை இல்லை என்று போர்டு சொல்லிவிட்டால் மறுபடியும் மில்லுக்குப் போய் மெஷின் முன்னால் நிற்க வேண்டும், நிற்க முடியாவிட்டால் வேலையும் போய்விடும்.

அவளுக்குத் துணைக்கு வந்தவள் புருஷனின் அக்கா செண்பகவடிவு. புருஷனை இழந்து தம்பி வீட்டோடு இருப்பவள். களையெடுப்பு, நடவு என்று வெயிலில் வெந்து கருங்கல் மாதிரி இருந்தவளுக்கு, காலையில் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை என்றும் மத்தியானம் கொஞ்சம் தேவலை என்றும் சொல்கிற நோய் பிடிபடவே இல்லை. காய்ச்சல் என்றால் சுடும், புண் என்றால் தெரியும், இது என்ன நோய், வேலை நேரத்துக்கு வந்து சாப்பாட்டு நேரத்துக்குப் போகிற நோய் என்று தெருக்குழாயடியில் சொல்லிச் சிரிப்பாள். அது ஆவுடையின் காதுக்கு வராமல் இருக்குமா? வந்தது. அவள் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆவுடை கல்யாண வீடுகளுக்கென்று எடுத்து வைத்திருந்த சேலையைக் கட்டி, தலைக்குப் பூ வைத்து, முகத்துக்குப் பவுடரும் போட்டுக்கொண்டு கிளம்பினாள், ஆபீசுக்குப் போகும்போது அழுக்காகவா போவார்கள்? வாசலில் நீல வார் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனதும், வலி போன இடம் தெரியவில்லை. ஊர் சொல்லக் கேட்டிருந்தாலும் தனக்கு நடக்கையில் அவளுக்குத் திக்கென்றது. பெரிய டாக்டர் கையை மூடச் சொன்னார், விரல்கள் மொட்டு மாதிரி மூடிக்கொண்டன. உட்கார்ந்து எழச் சொன்னார், எழுந்தாள். கோணல்கூட நிமிர்ந்திருந்தது.

"வலி எங்கே இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"வெளிய இருக்கு சார்."

"எதும்மா வெளியே இருக்கு?"

"வலிதான். வாசல்ல கெடக்கு. ஒரு எட்டு வந்து பாத்தியள்னா தெரியும்."

டாக்டர் குமாஸ்தாவைப் பார்த்துச் சிரித்தார். நீங்க வலிக்குதுன்னு சொன்னா போதாதும்மா, அதைப் பார்த்த சாட்சி யாராவது உண்டா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வேலைக்குத் தகுதி உண்டு என்று எழுதினார். வேண்டுமானால் அடுத்த மாதம் மேல்முறையீடு செய்துகொள்ளலாம் என்றார். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து வாசல் நன்றாகத் தெரியும், தலையைத் திருப்பினால் போதும்.

வெளியே வந்தால் நீலச் செருப்பைக் காணோம். அந்த இடத்தில் செண்பகவடிவின் தேய்ந்த செருப்பு கிடந்தது, செண்பகவடிவையும் காணோம். நடந்தது இதுதான். வாசலில் நின்றிருந்த செண்பகவடிவு அந்த நீலச் செருப்பு மெல்ல நடுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். கதவிடுக்கு வழியாக, உள்ளே தம்பி பெண்டாட்டி புதுப்பெண் மாதிரி உட்கார்ந்து எழுவதையும் பார்த்தாள். அப்படி என்ன பெரிய நோய், நாமும்தான் பார்ப்போமே என்று வீம்புக்குக் காலை நுழைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவுதானா என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று கையை வீசிக்கொண்டு நடந்தாள்.

ஆவுடை வெறுங்காலோடு ஓடினாள். ஓட முடிகிறது என்பதே பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்தது. பஸ் ஸ்டாப் பெஞ்சில் செண்பகவடிவு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்து, அவை யாருடையவோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் வளைந்துவிட்டிருந்தன. ஆவுடையைக் கண்டதும் தலையைத் தூக்கினாள்.

"ஏளா, இத வச்சிக்கிட்டா இத்தன வருசமும் எனக்குச் சோறு பொங்கிப் போட்ட?"

செருப்பைக் கழற்றிப் பார்த்தார்கள், நோய் கழலவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களும் சேர்ந்து அவளை அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், போர்டு கலைந்து டாக்டர்களின் கார் போய்விட்டிருந்தது, வாசல் வெறும் வாசலாக இருந்தது. போர்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் அங்கே கழலும், இனி அடுத்த மாதம்தான் என்று பிச்சைக்கண்ணு இடுக்கியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

அந்த மாதத்தை ஆவுடைத்தங்கம் எப்படி வாழ்ந்தாள் என்று கேட்டால், கூசாமல் சொல்ல வேண்டியதுதான், சந்தோஷமாக வாழ்ந்தாள். தன் தலையைத் தானே பின்னிக்கொண்டாள். துணியை முறுக்கிப் பிழிந்தாள், பிழிந்த பிறகும் முறுக்கிக்கொண்டே நின்றாள். தகுதி உண்டு என்று போர்டு சொன்னதால் மில்லிலிருந்து ஆள் வந்தது, போனாள், அறுந்த நூல்கள் விரல் பட்டதும் ஒட்டிக்கொண்டன, சூப்பர்வைசர் பார்த்துவிட்டு இத்தனை நாளும் வீட்டில் சும்மாவா இருந்தாய் என்று கேட்டார். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைகிற அந்த நிமிடம்தான் நெஞ்சை அறுத்தது. உள்ளே செண்பகவடிவு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். இது இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று ஆவுடைக்கு ஒரு நாள் தோன்றியது, தோன்றிய உடனே பயந்துபோய்ச் சாமி படத்துக்கு விளக்கேற்றினாள், மறுநாளும் தோன்றியது, மறுநாள் விளக்கேற்றவில்லை.

செண்பகவடிவுக்கு அதிர்ச்சி தீரவே இல்லை. கண் விழித்ததும் உடம்பு சிமெண்டில் புதைத்த மாதிரி இருப்பதும், டம்ளர் கைக்குக் கனப்பதும், கதவுத் தாழ்ப்பாள் கையைச் சுடுவதும், மத்தியானம் கொஞ்சம் இளகி ஆளை ஏமாற்றுவதும் அவளுக்குத் தினமும் புதிதாக இருந்தன. பார்க்க வந்த பெண்கள் மத்தியானத்தில் வந்தார்கள், பார்த்தால் நல்லாத்தானே இருக்க என்றார்கள். ஒருத்தி குழாயடியில் சொன்னதும் தெரிந்தது. வேலை நேரத்துக்கு வந்து சாப்பாட்டு நேரத்துக்குப் போகிற நோய் என்று, அவள் சொன்ன அதே வார்த்தை, அதே சிரிப்போடு. செண்பகவடிவு அன்று சாப்பிடவில்லை. அவளுக்கென்று போர்டும் கிடையாது, காப்பீடும் கிடையாது, களையெடுக்கிறவளின் உடம்புக்கு யார் எதை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்?

ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது. ஆவுடைக்கு வந்த அதிர்ஷ்டம் என்று மில்லில் பேசினார்கள், செண்பகவடிவின் வாய்க்குக் கிடைத்த கூலி என்று குழாயடியில் பேசினார்கள். தளவாய் மட்டும் வீட்டுக்கு வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, மேல்முறையீட்டுக்குப் போகிறாயா என்று ஆவுடையிடம் கேட்டார். போனால் நோயைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொண்ட பிறகும் போர்டு இல்லை என்று சொல்லிவிட்டால், நோயும் இருக்கும், உதவித்தொகையும் இருக்காது, அந்த விரல்களோடு மில் மெஷின் முன்னால் நிற்க வேண்டும். யோசித்துக்கொள் தாயி என்று சொல்லிவிட்டுப் போனார். ஆவுடை யோசித்தாள். யோசித்துக்கொண்டே அன்று இரண்டு பேர் துணியையும் துவைத்துக் காயப்போட்டாள்.

அடுத்த மாதம் போர்டு உட்காரும் செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் பஸ்ஸில் போனார்கள். செண்பகவடிவுக்கு ஆவுடைதான் சேலை கட்டிவிட்டாள், நீலச் செருப்பை மாட்டிவிட்டாள், அவளுடைய தேய்ந்த செருப்பில் தன் காலை நுழைத்துக்கொண்டாள். பூ வைக்கவில்லை. பஸ் ஸ்டாப்பிலிருந்து அலுவலகத்துக்கு, கருங்கல் மாதிரி இருந்த அந்தப் பெண் ஒவ்வொரு விளக்குக் கம்பமாகப் பிடித்து நின்று வந்தாள். வாசலில் நின்றதும் அவள் கால்கள் தாமாகச் செருப்பை உதறின. அவள் நிமிர்ந்தாள். விரல்களை நீட்டி மடக்கிப் பார்த்தாள். பிறகு கீழே நடுங்கிக்கொண்டு கிடந்த செருப்பைப் பார்த்தாள், ஆவுடையைப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் நின்றது.

"போட்டுக்கோன்னு சொல்ல எனக்கு வாய் வரல ஆவுட. போடாதன்னும் வரல. போடாம விட்டா அது எங்கிட்டதான் வரும்."

உள்ளேயிருந்து ஆவுடைத்தங்கத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஆவுடை தன் காலிலிருந்த தேய்ந்த செருப்பைச் செண்பகவடிவின் பக்கம் கழற்றி விட்டாள், குனிந்து நீலச் செருப்பைக் கையில் எடுத்தாள். அம்மிக் குழவியின் கனம் இருந்தது, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிச்சைக்கண்ணுவின் இடுக்கி கீழே விழுந்தது. ஏய், செருப்பக் கையில எடுத்துக்கிட்டு எங்க போற என்று வாட்ச்மேன் கத்திக்கொண்டு ஓடி வந்தான், அவளுக்கும் அவனுக்கும் நடுவில் செண்பகவடிவு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள், வயல் வரப்பில் நிற்கிற பழைய செண்பகவடிவு. ஆவுடை உள்ளே போனாள். டைல்ஸில் அவள் முகமும் செருப்பும் சேர்ந்து தெரிந்தன. பெரிய டாக்டரின் மேஜை மேல், அவர் பேனாவுக்குப் பக்கத்தில், செருப்பு இரண்டையும் ஜோடியாக வைத்தாள்.

குமாஸ்தா போலீஸைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார். டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. ஆவுடை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், அவள் குரலில் கோபமே இல்லை.

"அடிக்க வரல சார். ஷூவக் கழத்திட்டு இத ஒரு நிமிசம் போட்டுப் பாருங்க. நீங்க கையெழுத்துப் போடுத நேரம் மட்டும் போதும். ஒண்ணும் இல்லன்னு எழுதினது நீங்கதான?"

மேஜை மேல் செருப்பு மெல்ல நடுங்கியது. பேனா உருண்டு கீழே விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. டாக்டர் செருப்பையே பார்த்தார், பார்த்துக்கொண்டே தன் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். குமாஸ்தாவும் இழுத்துக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லாத செருப்புக்கு எதுக்கு சார் கால இழுக்கிய?"

ஆவுடை செருப்பை எடுத்து, அந்தப் பளபளப்பான தரையில், டாக்டரின் கண்ணுக்கு நேராக வைத்தாள். கதவருகே நின்ற மைனி செண்பகவடிவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு வலது காலை நுழைத்தாள், இடது காலை நுழைத்தாள். கட்டி முடித்த நாளிலிருந்து அந்த அறை அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒரு நோயாளியைப் பார்த்தது.

நோய் மெதுவாக ஏறியது. ஆவுடை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கதவருகிலிருந்து செண்பகவடிவுதான் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள், அவளும் செருப்போடுதான் வந்தாள், ஆவுடை கழற்றி விட்ட தன் தேய்ந்த செருப்பை மாட்டிக்கொண்டு, அதை அவளே கவனிக்கவில்லை. இப்ப கணுக்கால்ல இருக்கு, என்றாள். இப்ப முட்டு. இந்தா, இடுப்புல நின்னு யோசிக்கும். இப்ப மணிக்கட்டு சார், பாருங்க, இனிமே விரலு, சுண்டுவிரல்தான் மொதல்ல மடங்கும் என்றாள். சுண்டுவிரல் மடங்கியது. டாக்டர் பார்த்தார். ஒவ்வொரு விரலும் மடங்கி முடிகிற வரைக்கும் பார்த்தார். பார்த்து முடித்ததும் எழுந்து, தன் நாற்காலியை ஆவுடையின் பக்கம் தள்ளி, உட்காருங்கம்மா என்றார்.

"உக்காரச் சொல்லாதிய சார்" என்றாள் செண்பகவடிவு. "உக்காந்தா எந்திரிக்கது எம்புட்டுக் கஷ்டம்னு எனக்குத் தெரியும். அவ நிக்கட்டும். நீங்க வெரசா எழுதுங்க."